மூக்குக் குத்தும் வண்டி

என் பட்டறை மேசையின் கடைசி இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் துண்டு கிடக்கிறது. கறுப்பு நிறம், ஆள்காட்டி விரல் நீளம். ஒரு முனை மட்டும் பிய்ந்து வெளுத்திருக்கும். ரிமோட்டில் ஓடும் டிரக்கின் முன்பக்க இடது ஆர்ம் அது. சக்கரத்தைச் சேசிஸோடு பிடித்துக்கொண்டிருக்கும் கை. அது உடைந்த அன்று, பதினேழு வயதுப் பையன் ஒருவனை நாலு பேர் முன்னால் நிற்க வைத்துத் திட்டினேன். உடைத்தது அவனில்லை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஏழு வாரம் பிடித்தது.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்புக்கு ஷாஃப்ட், புஷ், கப்ளிங் என்று ஜாப் ஒர்க். 0.02 மி.மீ. கூடினாலும் பீஸைத் திருப்பி அனுப்பும் பார்ட்டிகளோடு இருபத்தேழு வருடமாகக் காலம் தள்ளுகிறவன். இப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு வியாதி உண்டு: இரும்பிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த எதுவானாலும் தனக்குத் தெரியும் என்ற நினைப்பு. ஊர் வேறு அப்படிப்பட்ட ஊர். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். டீக்கடையில் நிற்கிற எவனும் கார்புரேட்டரைப் பற்றி ஒரு கருத்து வைத்திருப்பான். என்னிடம் எல்லாவற்றைப் பற்றியும் இருந்தது.

பெங்களூரில் இருந்த தெரிந்த பையன் ஒருவன் வெளிநாடு கிளம்பும்போது அந்த டிரக்கை என்னிடம் தள்ளிவிட்டான். பத்தில் ஒரு பங்கு அளவு, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் ஷார்ட் கோர்ஸ் டிரக். அமெரிக்காவில் மண்மேடு கட்டிப் பந்தயம் விடுவார்களே, அந்தப் பிக்கப் வண்டிகளின் குட்டி உருவம். 2008-இல் டிராக்ஸாஸ் கம்பெனி ‘ஸ்லாஷ்’ என்ற மாடலை இறக்கிய பிறகு இந்த வகை உலகம் முழுக்கப் பரவியது. எனக்கு வந்தது வேறொரு வண்டி. பெயர் வேண்டாம், அது ஒரு பாவமும் அறியாது. பேட்டரியோடு சேர்த்து 2.3 கிலோ. நாலு சக்கரத்துக்கும் தனித்தனி ஷாக், ஷாக்குக்குள் சிலிகான் எண்ணெய், மேலே சுருள் ஸ்பிரிங். பைக்கில் இருப்பதன் பேரன்.

சரவணம்பட்டி தாண்டி, மனை பிரித்தும் விற்காமல் கிடந்த ஓர் இடம் எங்கள் மைதானம். ஜேசிபி அள்ளிப் போட்டுவிட்டுப் போன செம்மண் குவியலை மண்வெட்டியால் சரித்து ஏற்றம் செய்தோம். அதற்கு முன்னால் டிராக்டர் டயர் பதிந்து காய்ந்த தடம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மேடு ஒரு பள்ளமாக இருபது அடிக்கு ஓடியது. குதிக்க ஒன்று, குலுங்க ஒன்று. ‘தோம்’ என்று சொன்னேனே, அக்கா மகனும் நானும். பீளமேட்டில் வீடு, பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் சைக்கிளில் வந்து நிற்பான்.

முதல் நாளே வண்டி மூக்குக் குத்தியது. ஏற்றத்தில் நன்றாகத்தான் ஏறும். மேலே போனதும், தொட்டியில் தண்ணீர் குடிக்கும் மாடுபோலத் தலையைக் கவிழ்க்கும். முன்பம்பர் மண்ணில் குத்தி, பின்பக்கம் தலைக்கு மேல் சுற்றி, மல்லாந்து கிடக்கும். அன்று பத்துத் தடவை குதித்ததில் ஏழு இப்படி. அக்காவுக்கு விஷயம் போய்ச் சேர்ந்ததும் போனில் சிரித்தாள்: “என்னடா, வண்டிக்கு மூக்குக் குத்தியாச்சாமா? காது எப்போ?”

அன்றைக்கே பையன் ஒன்று சொன்னான். “மாமா, வண்டி மேல போனதும் நீங்க விரலை எடுத்துடறீங்க.”

“டேய் மாப்ளே, நான் மிஷின் முன்னால நிக்க ஆரம்பிச்சப்ப நீ பொறக்கவே இல்லை. இது ஷாக் வேலை. பேசாம இரு.”

பேசாமல் இருந்தான். அடுத்த இரண்டு மாதம் நான் அந்த வண்டிக்குச் செய்ததெல்லாம் வைத்தியம் என்று நினைத்துச் செய்த வதை.

முதலில் கிளிப். ஸ்பிரிங்குக்கு மேல் செருகச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் வளையங்கள் கொடுத்திருப்பார்கள். முன்பக்கம் அமுங்குகிறது, ஆகவே ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கு என்று இருந்த கிளிப்பையெல்லாம் செருகினேன். இங்கேதான் என் முதல் வெட்கம். கிளிப் செருகினால் ஸ்பிரிங் கெட்டியாகாது. ஒரு மில்லிமீட்டர் அமுக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பது கம்பியின் தடிமன், சுற்றின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை இவற்றைப் பொறுத்தது. சீராகச் சுற்றிய ஸ்பிரிங்கில் கிளிப் செய்வது ஒன்றுதான்: வண்டியை மேலே தூக்கி நிறுத்தும். பட்டறையில் ஸ்பிரிங் போட்டு நூறு ஜிக் செய்தவனுக்கு இது தெரியாததில்லை. ஆனால் கையில் இருப்பது விளையாட்டுச் சாமான் என்றதும் மூளை விடுமுறை எடுத்துக்கொண்டது.

38 மி.மீ. உயரத்தில் நின்ற சேசிஸ் 52-க்கு ஏறியது. வண்டி நுனிக்காலில் நின்றது. அப்படி நின்றால் சக்கரம் மேலே போக இடம் இருக்கும், கீழே இறங்க இடம் இருக்காது. ஷாக் ஏற்கெனவே முழு நீளத்துக்கு நீண்டுவிட்டது. டிராக்டர் தடத்தில் பள்ளம் வந்தபோது சக்கரம் இறங்கி மண்ணைத் தொட முடியாமல் காற்றில் சுற்றியது. வளைவில் பாரம் உயரத்தில் இருந்ததால் பக்கவாட்டில் உருண்டது. குதிக்கும்போது மட்டும் கவிழ்ந்த வண்டி, திரும்பும்போதும் கவிழ ஆரம்பித்தது.

அடுத்தது, பின்பக்கத்துக்குக் கெட்டி ஸ்பிரிங். அது கெட்டியாக இருந்தால் பின்பக்கம் ‘நிமிர்ந்து’ நிற்கும் என்று ஒரு கணக்கு. மூன்றாவது, முன் ஷாக்குகளில் 30-க்குப் பதிலாக 50 நம்பர் எண்ணெய். மூக்கு மெதுவாக அமுங்கட்டும் என்று. நாலாவதுதான் உச்சம். 90 கிராம் பித்தளையைக் கடைந்து, முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ் போட்டு, பின்பம்பருக்குள் டபுள் டேப்பால் ஒட்டினேன். முன்னால் கவிழ்கிறதா, பின்னால் பாரம் வை. சந்தையில் தராசுத் தட்டைச் சமன் பார்க்கிற புத்தி. விளைவு, முன்சக்கரத்தின் பிடி குறைந்து ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வண்டி அப்போதும் மூக்குக் குத்தியது, கூடுதல் வேகத்தோடு.

இந்த நிலையில்தான் அந்த ஞாயிறு வந்தது. பையனோடு அவன் சிநேகிதர்கள் மூன்று பேரும் வந்திருந்தார்கள். ரிமோட்டை அவனிடம் கொடுத்தேன். மூன்று தடவை குதித்தான். மூன்றும் ஒழுங்காக இறங்கியதை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். நாலாவது தடவையும் நாலு சக்கரத்தில்தான் இறங்கியது. ஆனால் ‘டப்’ என்று ஒரு சத்தம். இடது முன்சக்கரம் வெளியே மடங்கிக் கிடந்தது.

என்ன சொன்னேன் என்று முழுக்க எழுதப் போவதில்லை. “ஓசியில கெடைச்சா இப்படித்தான் ஓட்டுவியா” என்பது அதில் மிருதுவான வாக்கியம். உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவ்வளவும் பேசினேன். அவன் துண்டை ஒரு தரம் பார்த்தான், என்னை ஒரு தரம் பார்த்தான். ரிமோட்டைத் தரையில் வைக்காமல் என் கையில் கொடுத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

புது ஆர்ம் வாங்கி மாட்டினேன். தனியாகவே ஓட்டினேன். ஐந்தாவது வாரம் அதே இடது ஆர்ம் அதே இடத்தில் உடைந்தது. இந்த முறை ரிமோட் என் கையில் இருந்தது. சுற்றிலும் பார்த்தேன். திட்டுவதற்கு யாருமில்லை. வேலியோரம் ஒரு வெள்ளாடு மட்டும் நின்றது.

இரண்டு துண்டையும் பட்டறைக்குக் கொண்டுவந்து டியூப்லைட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். பம்பு ஷாஃப்ட் உடைந்து வந்தால் நான் முதலில் செய்வது உடைந்த முகத்தைப் பார்ப்பதுதான். ஒரே அடியில் உடைந்திருந்தால் முகம் முழுக்கப் புதிதாக இருக்கும். நாள்பட்ட விரிசலென்றால் ஒரு பகுதி அழுக்கேறி மங்கியிருக்கும், மிச்சம்தான் பளிச்சென்று இருக்கும். பார்ட்டியிடம் “இது நேத்து உடைஞ்சதில்லைங்க, ஒரு மாசமா உடைஞ்சிட்டிருந்தது” என்று எத்தனை முறை வீராப்பாகச் சொல்லியிருக்கிறேன். பையன் கையில் உடைந்த முதல் துண்டைத் திருப்பினேன். முகத்தில் பாதிக்கு மேல் செம்மண் ஏறியிருந்தது. நகத்தால் சுரண்டினாலும் போகாத அளவுக்கு உள்ளே இறங்கிய மண். விரிசல் வாரக்கணக்கில் திறந்து மூடியிருக்கிறது. அந்த வாரங்களில் வண்டியை மூக்குக் குத்தவிட்டவன் நான். அவன் நாலு தடவை ஒழுங்காக இறக்கினான். மிச்சமிருந்த பகுதியும் விட்டுப்போயிற்று.

சாட்சி என் கையில் இருந்தபோதே தீர்ப்பு சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். மறுபடி ஆர்ம் மாட்டி, போனை ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்து, விநாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டத்தில் என் குதிப்புகளை எடுத்தேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தால், இரண்டு விஷயங்களைப் படங்கள் காட்டின.

ஒன்று, ஏற்றத்தின் விளிம்பு. முன்சக்கரம் விளிம்பைத் தாண்டியதும் முன் ஷாக், கெட்டி எண்ணெயில் மாட்டிக்கொண்டு, அமுங்கியபடியே சோம்பலாகக் கிடந்தது. பின்சக்கரம் விளிம்புக்கு வந்தபோது நான் போட்ட கெட்டி ஸ்பிரிங், மாற்றாமல் விட்ட லேசான எண்ணெயில் தடுப்பார் இல்லாமல், உண்டிவில்போல விரிந்து பின்பக்கத்தைத் தூக்கி வீசியது. மூக்கு கீழே போகாமல் வேறு எங்கே போகும்? என் மருந்துகளில் இரண்டு, நோய்க்கு ஆள் சேர்த்திருந்தன.

இரண்டாவது, டயர். பின் டயரின் பக்கத்தில் கம்பெனி பெயர் வெள்ளை எழுத்தில் இருக்கிறது. ஏற்றத்தில் ஏறும்போது அது வெறும் வெள்ளை வளையமாகத்தான் தெரிகிறது. விளிம்பை விட்ட சில படங்களிலேயே வளையம் எழுத்தாகிறது. காற்றில் பறக்கும் வண்டியின் டயரில் கம்பெனி பெயரை ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க முடிந்தது. சக்கரம் நின்றுவிட்டது. வண்டி தரையை விட்டதும் என் சுட்டுவிரல் பயந்து டிரிகரை விட்டிருக்கிறது. சில குதிப்புகளில் முன்னால் தள்ளிப் பிரேக்கே போட்டிருக்கிறது.

முன்னொரு ஞாயிறு பையனின் சிநேகிதன் எடுத்து அனுப்பிய வீடியோ போனில் இருந்தது. அதில் பையன் ஓட்டுகிறான். வண்டி காற்றில் இருக்கும்போதும் எழுத்து தெரியவில்லை. வளையம்தான்.

இதற்கான காரணம் என் பட்டறையிலேயே தினமும் நடக்கிறது. கை கிரைண்டரின் சுவிட்சைப் போட்டதும் கல் ஒரு பக்கம் சுற்ற, உடம்பு எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். தரையில் இருக்கும்வரை வண்டிக்கு மண் பிடிமானம். காற்றில் பிடிக்க ஒன்றுமில்லை. சுற்றும் சக்கரமும் சுற்றாத உடம்பும்தான் ஒன்றுக்கொன்று துணை. சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுற்றவிட்டால் உடம்பு பின்னால் சாயும், மூக்கு நிமிரும். சக்கரத்தை நிறுத்தினால் அது வைத்திருந்த சுழற்சி உடம்புக்குப் போய்ச் சேரும்; சக்கரம் சுற்றிய திசையிலேயே உடம்பு சுற்றும், மூக்கு கவிழும். விரலை விட்டாலும் மோட்டாரின் இழுவை கொஞ்சம் பிரேக் பிடிக்கும். ஷார்ட் கோர்ஸ் வண்டியின் டயர் பெரியது, கனமானது. ஆகவே விளைவும் பெரியது. ஓட்டத் தெரிந்தவர்கள் இதைக் குதிரையின் கடிவாளம்போல வைத்து விளையாடுவார்கள். மூக்கு இறங்கினால் ஒரு சொட்டு திராட்டில், தூக்கினால் ஒரு தட்டு பிரேக். முதல் நாளே பையன் சொன்ன ஒரு வரிக்குள் இவ்வளவும் இருந்தது.

அந்த ராத்திரி நான் செய்த முதல் நல்ல காரியம், செய்ததையெல்லாம் கழற்றியது. பித்தளை வந்தது, கிளிப் வந்தது, கெட்டி ஸ்பிரிங் வந்தது. பழைய ஜாப் கார்டு நோட்டு ஒன்றில் கோடு போட்டேன்: தேதி, மாற்றியது, முன், பின், குதித்தது எப்படி. ஒரு தடவைக்கு ஒன்றுதான் மாற்றுவது, மாற்றியதை எழுதிய பிறகுதான் ஓட்டுவது. லேத்தில் ஒரே நேரத்தில் வேகத்தையும் வெட்டின் ஆழத்தையும் டூலையும் மாற்றிவிட்டு, பீஸ் ஏன் கெட்டது என்று கேட்கும் பயிற்சிப் பையனை நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியும்.

முதல் வேலை ஷாக். நாலையும் திறந்தேன். பின் வலது ஷாக்கை அமுக்கியபோது, காலணிக்குள் தண்ணீர் புகுந்த மாதிரி ‘சொளக் சொளக்’ என்றது. எண்ணெய் கசிந்து அந்த இடத்தில் காற்று புகுந்திருக்கிறது. காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. காற்றிருக்கும் ஷாக் முதலில் சும்மா இறங்கிவிட்டுப் பிறகுதான் தடுக்கத் தொடங்கும். ஓ-ரிங் மாற்றி, தண்டைக் கீழே இழுத்து வைத்து, விளிம்புவரை எண்ணெய் விட்டு, பிஸ்டனை மெதுவாக ஏற்றி இறக்கினேன். கடுகு கடுகாகக் குமிழி வந்தது. இதில் அவசரப்பட்டால் எல்லாம் வீண். பாலை இறக்கி ஆடை கட்ட வைக்கிற மாதிரி ஓரமாக வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால், குமிழி தானாக மேலே வந்து உடைந்திருக்கும். மூடிய பிறகு வலது, இடது இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒன்றாக அமுக்கி ஒன்றாக விட வேண்டும். இரட்டைப் பிள்ளைகள்போல ஒரே வேகத்தில் எழுந்தால்தான் ஜோடி.

எண்ணெய் நம்பரிலும் ஒரு பாடம் இருந்தது. ஒரு கம்பெனியின் 30-உம் இன்னொரு கம்பெனியின் 30-உம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. குப்பியின் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் சி.எஸ்.டி. கணக்கைப் பார்த்தால்தான் உண்மையான கெட்டித்தனம் தெரியும். வெயிலில் எண்ணெய் இளகும் என்பதும் கூட. காலை ஏழு மணிக்குச் சரியாக இருந்த வண்டி பதினொரு மணிக்குத் துள்ளினால் அதற்கு ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை.

இரண்டாவது வேலை எடை. அடுப்படித் தராசைச் சொல்லாமல் எடுத்துவந்தேன். நாலு தராசு இருந்தால் நல்லது, ஒன்றுதான் இருந்தது. தராசின் உயரத்துக்கே மூன்று மரக்கட்டை அறுத்து, ஒவ்வொரு சக்கரமாகத் தராசில் வைத்து, மற்ற மூன்றையும் கட்டையில் நிறுத்தி அளந்தேன். ஒவ்வொரு தடவையும் வண்டியை இரண்டு முறை அமுக்கிவிட்ட பிறகுதான் எண்ணைப் படிப்பது. இல்லையென்றால் ஷாக் பாதியில் நின்று பொய் சொல்லும். முன்பக்கம் மொத்தம் 870 கிராம், பின்பக்கம் 1,430. மோட்டாரும் கியரும் பின்னால் இருக்கிற வண்டிக்கு இது இயல்பு. என் பித்தளைக்கு அங்கே இடமே இருந்ததில்லை. ஆனால் இடதுபக்கம் வலதைவிட 110 கிராம் கூட. குனிந்து பார்த்தால், பேட்டரியை இறுக்கிப் பிடிக்க வைக்கும் ஸ்பாஞ்சுத் துண்டு காணோம். ஒவ்வொரு குதிப்பிலும் பேட்டரி இடது பக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டு தடவையும் உடைந்தது இடது ஆர்ம் என்பது அப்போதுதான் உறைத்தது. பழைய செருப்பின் ஸ்பாஞ்சை அறுத்துச் செருகினேன். செலவு பூஜ்யம்.

தராசு இல்லாதவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. பின்பம்பருக்குக் கீழே சரியாக நடுவில் ஸ்குரூ டிரைவர் நுனியைக் கொடுத்து மெல்லத் தூக்கினால், இரண்டு பின்சக்கரமும் ஒரே நேரத்தில் தரையை விட வேண்டும். ஒன்று முந்தினால் எங்கோ கோணல் இருக்கிறது என்று அர்த்தம். முன்பக்கமும் அப்படியே.

மூன்றாவது, விட்டுப் பார்ப்பது. வண்டியை ஓரடி உயரத்தில் சமமாகப் பிடித்துச் சிமெண்ட் தரையில் விட வேண்டும். நல்ல வண்டி ‘தப்’ என்று ஒரு தரம் உட்காரும். சேசிஸ் தரையை லேசாக முத்தமிட்டாலும் தப்பில்லை. எழுந்து தன் உயரத்துக்கு வந்து நிற்கும். பந்துபோல எழும்பினால் எண்ணெய் போதவில்லை, அல்லது ஸ்பிரிங் அதிகம். ‘டங்’ என்று பலகைபோல விழுந்தால் எண்ணெய் அதிகம். உட்கார்ந்த வண்டி எழவே யோசித்தாலும் எண்ணெய் அதிகம்தான். என் பழைய அமைப்பில் வண்டி ‘டங்’ என்று விழுந்ததை, பலத்தின் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சத்தத்தின் விலையைப் பிறகு கணக்குப் போட்டேன். இரண்டடி, அதாவது 60 செ.மீ. உயரத்திலிருந்து விழும் வண்டி, தரையைத் தொடும்போது விநாடிக்கு ஏறத்தாழ 3.4 மீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகத்தை ஷாக் 4 செ.மீ. அமுங்கி வாங்கிக்கொண்டால், 2.3 கிலோ வண்டி சராசரியாக 37 கிலோ அளவு பாரத்தைத் தாங்கினால் போதும். ஷாக் விறைத்துக்கொண்டு ஒரே ஒரு செ.மீ. மட்டும் இறங்கினால் அது 140 கிலோ. பிளாஸ்டிக் ஆர்ம் எப்படிப் பிழைக்கும்? அமுங்குவது தோல்வி என்று நினைத்து நான் விறைப்பாக்கிய ஒவ்வொரு தடவையும், அடியை ஷாக்கிடமிருந்து பிடுங்கி ஆர்மிடம் கொடுத்திருக்கிறேன்.

குதிப்புக்கும் குலுக்கலுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது என்பது கடைசியாக வந்த பாடம். குதித்து இறங்கும்போது பிஸ்டன் வேகமாக ஓடும். அப்போது நல்ல தடுப்பு வேண்டும். டிராக்டர் தடத்தில் சக்கரம் படபடவென்று ஏறி இறங்க வேண்டும். அப்போது தடுப்பு அதிகமானால், ஒரு பள்ளத்திலிருந்து மீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். தடுப்பு எண்ணெயால் மட்டும் வருவதில்லை, பிஸ்டனில் இருக்கும் ஓட்டைகளாலும் வருகிறது. ஓட்டை சின்னதானால் வேகமான அடியில் எண்ணெய் வழியில்லாமல் திணறி, ஷாக் கிட்டத்தட்டப் பூட்டிக்கொள்ளும். பெரிய குதிப்புக்கு அது நல்லது, குலுக்கலுக்கு ஆகாது. எது அதிகம் இருக்கிற மைதானமோ அதற்குத் தக்கபடி ஒரு நடுவழி எடுக்க வேண்டும். எனக்கு இருபதடித் தடம் அதிகம், குதிப்பு ஒன்றுதான். ஆகவே 30 நம்பர் எண்ணெய், பழைய பிஸ்டன், பழைய ஸ்பிரிங், பின் ஷாக்கில் மட்டும் 35. உயரம் மறுபடி 38 மி.மீ.; சும்மா நிற்கும்போதே ஷாக் கொஞ்சம் அமுங்கியிருக்கும் அளவு. சக்கரம் பள்ளத்தில் இறங்க அந்தக் கொஞ்சம்தான் வழி.

இவ்வளவு செய்த பிறகும் என் கையில் வண்டி பத்துக்கு மூன்று தடவை மூக்குக் குத்தியது. நோட்டில் மாற்றுவதற்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஏழாவது வாரம் சனிக்கிழமை சாயங்காலம் பீளமேடு போனேன். சட்டைப்பையில் அந்த உடைந்த துண்டு. அக்கா காபி போட உள்ளே போனதும் பையன் முன்னால் வைத்தேன். “முகத்தைப் பாரு. பாதி பழைய விரிசல். நான் உடைச்சது, கண்ணு. அன்னிக்கு உன்னைப் பேசினது தப்பு.” ஐம்பதை நெருங்குகிறவன் பதினேழு வயதுப் பையனிடம் இதைச் சொல்ல எத்தனை தடவை ஒத்திகை பார்த்தேன் என்பது ஸ்கூட்டருக்குத்தான் தெரியும். 

அவன் துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். மண் ஏறிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

“ஸ்பேர் ஒண்ணுதான் வாங்கினீங்களா மாமா? ஜோடியா வாங்கியிருக்கலாம்லங்க.”

அவ்வளவுதான் சொன்னான். அக்காதான் காபியோடு வந்து, “மூக்குக் குத்தின வைபவத்துக்குத் தாய்மாமன் சீரு எங்கடா?” என்று கேட்டு ஏழு வாரத்தையும் ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சைக்கிள் வந்து நின்றது. ரிமோட் என் கையில், பையன் என் வலதுபக்கம். “விளிம்புல விடாதீங்க. கால்வாசி பிடிச்சபடியே வைங்க. கீழ தொட்டப்புறம் விடுங்க” என்றான். கேட்க எளிது. மேலே போய்க் கீழே வருவது மொத்தம் முக்கால் விநாடிகூட இல்லை. அதற்குள் வயிற்றில் ஒன்று சுருங்கி விரல்வழியாக வெளியே வரப் பார்க்கும். முதல் குதிப்பில் விட்டுவிட்டேன். இரண்டாவதில் பயத்தில் முழுக்க இழுத்து, வண்டி வால் குத்தி விழுந்தது. “இது புதுசுங்க மாமா” என்றான். எட்டாவதோ ஒன்பதாவதோ, நாலு சக்கரமும் ஒன்றாக மண்ணைத் தொட்டன. ‘தப்’ என்ற ஒரே சத்தம். எழுந்து, தடத்தில் ஓடி, ஒன்றும் நடக்காத மாதிரித் திரும்பி வந்தது.

இன்றும் வாரத்தில் ஒருமுறையாவது என் விரல் விட்டுவிடும். பட்டறையில் ஜாப் கெட்டால் மிஷினைத் திட்ட வாய் தானாகத் திறக்கிறது. அப்போது கடைசி இழுப்பறையைத் திறந்து மண் ஏறிய அந்த முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு மூடுவேன். சில நாள் அது வேலை செய்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை மட்டும் நோட்டில் பையன்தான் எழுதினான். முன் ஸ்பிரிங் பழசு, பின் ஸ்பிரிங் பழசு, எண்ணெய் 30, 35. ‘மாற்றியது’ என்ற கட்டத்தில், ‘மாமா விரல்.’ ‘குதித்தது எப்படி’ என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினான்: ‘பரவால்ல. இன்னும் பயம் இருக்கு.’